நீர்வண்ணத்தில் ஆலையும் சூளையும்

(கல்விக் கழக வெள்ளி விழாவில் மாணவர் ஓவியக் கண்காட்சியைத் திறந்துவைத்து ஆற்றிய உரை)



ஓவியக் கண்காட்சியைத் திறந்துவைக்க ஓவியர் ஒருவரை அழைப்பதே முறை. நாம் ஓவியர் அல்லோம். வரலாற்றில் பட்டம் பெற்று, பிறகு ஆசிரியப் பயிற்சியும் பெற்று, முப்பதாண்டுக் காலம் அரசுப் பள்ளிகளில் பணிபுரிந்து வருபவர் மட்டுமே. நம் பள்ளியில் ஓவிய ஆசிரியர் பணியிடம் நெடுநாள் காலியாகக் கிடந்தமையால், வெள்ளிக்கிழமைக் கடைசிப் பாடவேளையை நாமே எடுத்துக்கொண்டோம். கற்பிப்பதற்காகக் கற்றதுதான் நம் ஓவிய அறிவு. செயலாளர் அவர்கள் நம்மை அழைத்தபோது தயங்கினோம். இங்கே தொங்கும் படங்களுள் பதினொன்று நம் பள்ளிப் பிள்ளைகளுடையவை என்று அவர் சொன்ன பிறகு மறுக்க இயலவில்லை.

கழகத்தார் இக்கண்காட்சிக்குக் கொடுத்திருக்கும் பொருள், 'எங்கள் ஊரில் தொழில்' என்பது. சாதனம் நீர்வண்ணம். இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டாதவை என்று சிலர் நினைக்கக்கூடும். நீர்வண்ணம் என்றால் ஆறும் தோப்பும் அந்திவானமும். ஆலை என்றால் இரும்பும் புகையும். நம் நாட்டைப் போன்ற வெப்ப மண்டலத்துப் பசுமையின் நடுவே ஒரு புகைபோக்கியை எழுப்பி, அதை மென்மையான நீர்வண்ணத்தில் தீட்டுவது ஏன் என்று கேட்பார்கள். அக்கேள்விக்கு நாம் அறிந்தவரையில் விடை சொல்ல முயல்வோம்.

நம் பிள்ளைகளிடம் ஒரு தாளைக் கொடுத்து 'இயற்கைக் காட்சி வரை' என்று சொல்லிப் பாருங்கள். இரண்டு மலைகள், இடையில் பாதிச் சூரியன், அங்கிருந்து வளைந்து வரும் ஓர் ஆறு, கரையில் ஒரு தென்னை, ஒரு குடிசை, வானத்தில் நான்கு பறவைகள். தமிழ்நாட்டில் எந்தப் பள்ளிக்குச் சென்றாலும் இதே படம்தான். நம் ஊர்ப்பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் வரை மலையே கிடையாது. சூரியன் கடற்கரைச் சவுக்குத் தோப்புக்கு மேலே எழுகிறான். ஆயினும் பிள்ளைகள் மலையை வரைகிறார்கள். அந்தப் படத்தில் ஊர் உண்டா, சேரி உண்டா, குடிசைக்குள் இருப்பவர் காலையில் எழுந்து எங்கே வேலைக்குப் போகிறார் என்று எவரும் கேட்டதில்லை. நாமும் கேட்டதில்லை.

நாம் செய்த பிழை ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். 1996ஆம் ஆண்டு. அப்போது நாம் வேறொரு பள்ளியில் பட்டதாரி ஆசிரியர். ஆண்டு விழாவுக்காக மாணவர்களைப் படம் வரையச் சொன்னோம். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி கரும்புத் தோட்டம் ஒன்றைப் பென்சிலால் வரைந்து, அதற்குப் பின்னால் சர்க்கரை ஆலையின் புகைபோக்கியை உயரமாக நிறுத்தியிருந்தாள். அவளுடைய தந்தையார் கரும்பு ஏற்றும் வேலை செய்தவர். 'நல்ல தோட்டத்தைப் போட்டுவிட்டு நடுவில் இது எதற்கம்மா? அழித்துவிடு' என்று சொன்னோம். அவளும் ரப்பரால் அழித்தாள். பிறகு வானத்துக்கு நீலம் தீட்டினாள். தாளின் மேற்பரப்பில் ஆலைக்காரர்கள் பூசியிருக்கும் பசைப்பூச்சு அழுத்தித் தேய்த்த இடத்தில் போய்விடும். அங்கே தாள் வண்ணநீரை அதிகமாகக் குடிக்கும். இது நமக்கு அப்போது தெரியாது. வானம் முழுவதும் வெளிர்நீலமாக அமைய, புகைபோக்கி நின்ற இடம் மட்டும் கருநீலமாக ஊறி, முன்னினும் தெளிவாக நின்றது. அவள் அழுதாள். நாம் வேறொரு தாளைக் கொடுத்து மலையும் சூரியனும் வரையச் சொன்னோம்.

இத்தனைக்கும் நாமே கரும்பு வெட்டியவரின் மகன். நெல்லிக்குப்பத்தில் பாரி நிறுவனத்தார் 1842ஆம் ஆண்டில் தொடங்கிய சர்க்கரை ஆலை நம் மாவட்டத்தில் உள்ளது. நம் சிறுவயதில், 1970களில், கரும்பு வண்டிகள் இரவெல்லாம் வரிசையாகச் சாலையில் நிற்கும். மாட்டுக் கழுத்துமணி ஓசையும் சர்க்கரைப் பாகின் புளித்த வாடையும் கலந்து வரும். வண்டிகளின் அடியில் தொங்கும் அரிக்கேன் விளக்குகள் வரிசையாகத் தெரியும். அதைவிட அழகான காட்சியை நாம் பிற்காலத்திலும் கண்டதில்லை. ஆனாலும் அது படமாக வரையத்தக்கது என்று ஒருநாளும் தோன்றவில்லை. நம்முடைய இடம் பார்க்கத்தக்கது அன்று என்று யாரோ நம்மை நம்பவைத்திருந்தார்கள். நாமும் அதை அடுத்த தலைமுறைக்குக் கற்பித்தோம்.

ஆனால் வெப்ப நாடுகளின் ஆலைக் காட்சிகளை வரைந்தவர்கள் முன்பே இருந்திருக்கிறார்கள். பள்ளியின் உயர்தொழில்நுட்ப ஆய்வகத்துக் கணினியில் பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காகத் தேடியபோது, வில்லியம் கிளார்க் என்ற ஆங்கிலேயர் வரைந்த பத்துப் படங்கள் கிடைத்தன. மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றான ஆன்டிகுவாவில் அவர் மூன்றாண்டுகள் தங்கி, அங்கே ஓர் ஆங்கிலக் கடற்படைத் தலைவருக்கு உரிய கரும்புத் தோட்டங்களில் இருந்து வரைந்தவை அவை. 1823ஆம் ஆண்டு இலண்டனில் வெளியாயின. செப்புத் தகட்டில் அமிலம் கொண்டு அரித்து அச்சிட்டு, அதன்மேல் கையால் நீர்வண்ணம் தீட்டும் முறை அது. ஆகவே ஒவ்வொரு படியும் ஒரு நீர்வண்ணப் படம் போலவே தோன்றும்.

என்ன நேர்த்தியான படங்கள்! வயலில் சதுரம் சதுரமாகக் குழி வெட்டுவது, கரும்பை நடுவது, வெட்டுவது, காற்றாலையில் பிழிவது, கொதிகூடத்தில் வரிசையாக அமைந்த கொப்பரைகளில் சாற்றைக் காய்ச்சுவது, வடிசாலையில் சாராயம் வடிப்பது, கடைசியில் பீப்பாய்களைக் கடற்கரைக்கு உருட்டிப் படகில் ஏற்றுவது என்று, ஒரு தொழில் முழுவதும் தொடக்கத்திலிருந்து முடிவு வரை கண்முன் நிற்கிறது. வானம் தெளிந்த நீலம். பனைமரங்கள் அசைவது போலத் தோன்றுகின்றன. ஆண்களும் பெண்களும் தூய ஆடை உடுத்து, வரிசை பிசகாமல் மண்வெட்டியை ஓங்கி நிற்கிறார்கள். மேற்பார்வை செய்வோரும் ஆங்காங்கே உண்டு.

இப்படங்களைப் பார்த்த ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன், 'எல்லாரும் புதுத்துணி போட்டிருக்காங்களே சார், திருவிழாவா?' என்று கேட்டான். நாம் அசந்து போனோம். ஏனெனில் அப்படத்தில் மண்வெட்டியோடு நிற்பவர் அத்தனை பேரும் அடிமைகள். ஆன்டிகுவாவில் அவர்கள் விடுதலை பெற்றது 1834ஆம் ஆண்டு ஆகஸ்டு 1ஆம் நாள். படங்கள் வெளியான 1823ஆம் ஆண்டிலோ, இங்கிலாந்தில் அடிமை முறைக்கு எதிரான சங்கம் அப்போதுதான் தோன்றியிருந்தது. டெமராரா என்ற இன்னொரு கரும்புப் பகுதியில் ஆயிரக்கணக்கான அடிமைகள் கிளர்ந்தெழுந்து கொடுமையாக ஒடுக்கப்பட்டார்கள். அக்காலத்துக் கரும்பு உருளைகளின் அருகில் கோடரி ஒன்றைத் தயாராக வைத்திருப்பார்கள் என்ற குறிப்புகள் உண்டு. கரும்பைத் திணிப்பவரின் கை உருளையில் சிக்கினால், உடலும் இழுக்கப்படுவதற்குள் கையை வெட்டிவிடுவதற்காக. அந்தக் கோடரியைக் கிளார்க்கின் படங்களில் நாம் காணவில்லை.

இன்னொன்றும் உண்டு. கரும்புச் சாறு பிழிந்தபின் காத்திருக்காது. விரைவில் காய்ச்சாவிட்டால் புளித்துவிடும். ஆதலால் வெட்டுக் காலத்தில் கொதிகூடம் இரவிலும் இயங்கியது. மனிதர்கள் தூங்காமல் உழைத்தார்கள். கிளார்க்கின் படங்களிலோ எல்லாம் பகல். கிளார்க் பொய் வரைந்தார் என்று நாம் சொல்லவில்லை. கருவிகளின் அமைப்பை இன்று ஆராய்பவர்கள் அவர் படங்களைத்தான் நாடுகிறார்கள். தோட்டத்து உரிமையாளருக்கு எந்த நேரத்தில் எது தெரியுமோ, அந்த நேரத்தில் அதை வரைந்தார். திண்ணையில் இருந்து பார்த்தால் பகல்தான் தெரியும்.

இதெல்லாம் ஏதோ தீவுக்கதை, நமக்கென்ன என்று எண்ண வேண்டாம். அடிமைகள் விடுதலை பெற்றபின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர்களைக் கப்பலேற்றினார்கள். சென்னையிலிருந்து மோரீசுக்கும் நேட்டாலுக்கும் கயானாவுக்கும், காரைக்காலிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் பிரெஞ்சுத் தீவுகளுக்கும் சென்ற கப்பல்களில் நம் தென்னார்க்காட்டு மக்களும் இருந்தார்கள். அவர்களுள் நம்மவர் பலர். நேட்டாலுக்கு முதற்கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டது 1860ஆம் ஆண்டு. டிரினிடாடு தீவில் மிஷேல் ழான் கசபோன் என்ற ஓவியர் இருந்தார்; கறுப்பர் வழியும் வெள்ளையர் வழியும் கலந்த குடும்பத்தில் 1813இல் பிறந்து, பாரிசில் பயின்று, நீர்வண்ணத்தில் தம் தீவைத் தீட்டியவர். இந்தியத் தொழிலாளர் உருவங்களையும் அவர் வரைந்திருக்கிறார். அவரை ஆதரித்துப் படங்கள் வரையச் செய்த ஆளுநர் ஹாரிஸ் பிரபு. அதே ஹாரிஸ் பிரபுதான் 1854ஆம் ஆண்டு சென்னை மாகாண ஆளுநராக வந்து, 1856இல் இராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயிலைத் தொடங்கிவைத்தவர். அங்கே படம் வரையச் சொன்னவரும் இங்கே ஆண்டவரும் ஒருவரே என்று அறிந்தபோது, உலகம் எவ்வளவு சிறியது என்று நமக்குத் தோன்றியது.

வண்ணப்பெட்டிக்குள்ளேயே நம் கதை ஒன்று இருக்கிறது. பெரிய பெட்டிகளில் 'இண்டிகோ' என்று ஒரு கருநீலம் வரும். அதன் தமிழ்ப்பெயர் அவுரி. கிளார்க்கின் காலத்தில் அது அவுரிச் செடியிலிருந்தே எடுக்கப்பட்டது. தென்னார்க்காடு அவுரிக்குப் பெயர்பெற்ற மாவட்டம். வெட்டிய செடியை மேல்தொட்டியில் இட்டுத் தண்ணீரில் ஊறவைப்பார்கள். ஊறிய நீரைக் கீழ்த்தொட்டிக்கு இறக்கி, கூலியாட்கள் அதற்குள் நின்று மணிக்கணக்கில் துடுப்பால் அடிப்பார்கள். மஞ்சளும் பச்சையுமாக இருந்த நீர், காற்றுப் பட்டு நீலமாகும். அடியில் தங்கும் வண்டலைக் காய்ச்சி, பிழிந்து, கட்டியாக அறுத்துக் காயவைத்துக் கப்பலேற்றுவார்கள். 1897இல் ஜெர்மானியர்கள் செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகு இத்தொழில் நலிந்தது. இலண்டனில் ஒரு சீமாட்டி தம் நீர்வண்ணப் படத்தில் மழைமேகம் ஒன்றைத் தீட்டியபோது, இடுப்பளவு நீரில் நின்று துடுப்படித்தவரின் உழைப்பே அம்மேகத்தில் கரைந்தது. வண்ணத்தைத் தாளோடு பிணைக்கும் பிசினும் வேலமர இனத்தின் பிசினே. பெட்டியில் நம் பங்கு இருந்தது; படத்தில்தான் இல்லை.

ஓவிய முறை பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். மாணவர்கள் இதற்காகவே காத்திருக்கிறார்கள்.

நீர்வண்ணத்தில் வெள்ளை என்பது தாள்தான். எண்ணெய் வண்ணத்தில் வெள்ளையைக் கடைசியில் வைக்கலாம். இங்கோ, எது வெள்ளையாக இருக்க வேண்டுமென்று முதலிலேயே முடிவு செய்து, அவ்விடத்தைத் தொடாமல் விட வேண்டும். நீராவியை வரைய வேண்டுமா? நீராவியை வரையாதீர்கள், அதைச் சுற்றியுள்ள வானத்தை வரையுங்கள். கரும்புகை வேண்டுமானால் தாளை முதலில் நனைத்து, நீர்ப்பளபளப்பு அடங்கும் தறுவாயில் தூரிகை நுனியால் கருமையைத் தொட்டுவிட வேண்டும். புகை தானே பரவும். ஒரு நொடி முந்தினால் படம் முழுவதும் ஓடிவிடும். பிந்தினால் கோடாக நிற்கும். புகைபோக்கியின் விளிம்புகளுக்கோ காய்ந்த தாள் வேண்டும். ஈரமும் உலர்ச்சியும் ஒரே படத்தில் தேவைப்படுவதால்தான் ஆலைக்காட்சி நல்ல பயிற்சியாகிறது. வெறும் மேகமும் மரமும் வரைபவர்க்கு இப்பயிற்சி முழுமையாகக் கிட்டாது.

வெப்ப நாட்டில் இதற்குத் தனிச் சங்கடங்கள் உண்டு. சித்திரை வெயிலில் தூரிகை தாளின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போவதற்குள் முன்பகுதி காய்ந்து பட்டை விழுந்துவிடும். ஐப்பசி மழையிலோ மணிக்கணக்கானாலும் காயாது. கவனிக்காமல் அடுக்கி வைத்தால் பூஞ்சை பூத்துவிடும். ஆங்கில நூல்களில் சொல்லியிருக்கும் நேரக்கணக்கு நமக்குப் பொருந்தாது. நிழலும் அப்படியே. நம் மாவட்டத்தில் சித்திரை முதல் வாரத்தில் ஒரு நாளும் ஆவணி முதல் வாரத்தில் ஒரு நாளும் உச்சிவேளையில் சூரியன் நேர் தலைக்கு மேல் நிற்கும். புகைபோக்கிக்கு நிழலே இராது. நண்பகலில் எல்லாம் தட்டையாக, வெளுத்துத் தெரியும். ஆகவே காலை ஏழு மணிக்கு வெளியே வாருங்கள், அல்லது நான்கு மணிக்கு மேல். பச்சையைப் பெட்டியிலிருந்து அப்படியே எடுக்க வேண்டாம். நெல்லின் பச்சை வேறு, கரும்பின் பச்சை வேறு, வேம்பின் பச்சை வேறு. மஞ்சளையும் நீலத்தையும் வைத்து நீங்களே கலந்து பாருங்கள். செங்கலுக்கும் துருப்பிடித்த தகரத்துக்கும் 'சுட்ட சியன்னா' என்ற பழுப்பு ஒன்றே போதும். அதனோடு பிரஷ்ய நீலத்தைக் கலந்தால் ஏறத்தாழக் கருமை கிடைக்கும். கறுப்புக் கட்டியை வாங்கிக் காசை வீணாக்க வேண்டாம். சார்ட் தாளும் வேண்டாம். அது நீர் பட்டதும் நெளியும். கொஞ்சம் கனமான கார்ட்ரிட்ஜ் தாளே நல்லது. அதைப் பலகையில் நான்கு பக்கமும் ஒட்டிவைத்து வரைய வேண்டும்.

இவ்வளவையும் சொல்லிக்கொடுத்துப் பிள்ளைகளை வெளியே அனுப்பினோம். இங்கே நீங்கள் காண்பது அதன் விளைவு. உப்பளம் இருக்கிறது, அரிசி ஆலையின் தவிட்டுப்புழுதி இருக்கிறது, கரும்பு லாரி இருக்கிறது. உறவினர் வீட்டுக்குப் போன ஒரு மாணவன் நெய்வேலிச் சுரங்கத்து மண்மேட்டை வரைந்திருக்கிறான். நெய்வேலியில் 1962இல் மின்னுற்பத்தியைத் தொடங்கிய முதல் அனல்மின் நிலையம் 2020இல் நிறுத்தப்பட்டுவிட்டது. அரை நூற்றாண்டுக்கு மேலாக அதன் புகைபோக்கிகளைப் பார்த்து வளர்ந்தவர்களுள் அவற்றை ஒரு தாளில் வரைந்து வைத்தவர் எத்தனை பேர் இருப்பார்கள் என்று அப்படத்தைப் பார்க்கும்போது நினைத்துக்கொண்டோம். சென்னைக் கடற்கரையில் பாறையை நகர்த்தும் நான்கு உழைப்பாளிகளின் சிலை 1959 முதல் நிற்கிறது. தேவி பிரசாத் ராய் சௌத்ரி அவர்கள் படைத்தது. அதன்முன் நின்று நிழற்படம் எடுத்துக்கொள்ளும் நாம், நம் தெருவில் பாறை நகர்த்துபவரை வரைய மட்டும் கூசுகிறோம்.

இனி, இடப்புறச் சுவரில் மூன்றாவதாகத் தொங்கும் படத்துக்கு வருகிறோம். எல்லாரும் அருகில் சென்று பார்க்க வேண்டுகிறோம். தூரத்திலிருந்து பார்த்தால் தாள் முழுவதும் கருநீலம். வண்ணத்தைக் கொட்டிவிட்டார்களோ என்று தோன்றும். கிட்டே போனால் ஒரு புகைபோக்கி தெரியும். அதன் அடியில் செந்நிறப் புள்ளிகள் நான்கைந்து. அவை சேம்பருக்குள் எரியும் நெருப்பின் கண்கள். வலப்புறத்தில் வண்ணமே படாத ஒரு வெள்ளை வட்டம். அது கம்பத்தில் எரியும் விளக்கு. கீழே களத்தில் பச்சைக்கல் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டிருக்கிறது. இருவர் குனிந்து அச்சில் மண்ணை அடிக்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் சிறிய உருவம் ஒன்று உட்கார்ந்திருக்கிறது.

இப்படத்தை வரைந்தவள் எட்டாம் வகுப்பு மாணவி. சென்ற ஆண்டு ஆடியில் ஊர் திரும்பியபின் வரைந்தாள். ஐப்பசியில் நடந்த ஓர் ஓவியப் போட்டிக்கு இதை அனுப்பினோம். நடுவராக வந்த பெரியவர் ஒருவர், 'தலைப்பு இயற்கைக் காட்சி. செங்கல் சூளை எப்படி இயற்கையாகும்? மேலும் படம் இருட்டாக இருக்கிறது. பகலிலே வரைந்திருக்கலாமே' என்று ஒதுக்கிவிட்டார். அவர் கெட்ட மனிதர் அல்லர். 1996இல் நாம் சொன்னதைத்தான் அவரும் சொன்னார். இங்கிலாந்து ஓவியர் டர்னர் 1832ஆம் ஆண்டளவில் டட்லி என்ற தொழில் நகரத்தை, உலைகளின் ஒளி கால்வாய் நீரில் விழும் இருட்டு வேளையில் நீர்வண்ணத்தில் தீட்டினார். அது அந்நாட்டின் கலைக்கூடத்தில் போற்றி வைக்கப்பட்டிருக்கிறது. அதை அவரிடம் சொல்ல அப்போது நமக்கு வாய் வரவில்லை.

பள்ளிக்குத் திரும்பியபின் அவளிடம், 'ஏனம்மா இரவாக வரைந்தாய்?' என்று கேட்டோம். அவள் நம்மை வியப்போடு பார்த்தாள். 'வெயில் ஏறிட்டா கல் அறுக்க முடியாது சார். ராத்திரி ரெண்டு மணிக்கு எழுப்பிடுவாங்க. நிலா இருந்தா லைட்டுகூட வேணாம்' என்றாள்.

'பின்னால் உட்கார்ந்திருப்பது யார்?'

'நான்தான் சார். காயிற கல்லைத் திருப்பிப் போடுறேன்.'

நாம் அன்று மாலை வருகைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தோம். தை முதல் ஆனி வரை அவள் பெயருக்கு நேரே 'நீண்ட விடுப்பு' என்று நம் கையெழுத்திலேயே எழுதியிருந்தது. அவள் பெயருக்கு மட்டும் அன்று. அந்த வகுப்பில் மூன்று பெயர்களுக்கு. பள்ளி முழுவதிலும் ஏழு. பொங்கல் முடிந்ததும் பெற்றோர் முன்பணம் வாங்கிக்கொண்டு சூளைக்குப் போகிறார்கள், பிள்ளைகளும் உடன் போகிறார்கள் என்பது நமக்குத் தெரியும். தெரியும் என்றால், மழை பெய்கிறது என்பது தெரிவதைப் போலத் தெரியும். இரவு இரண்டு மணி என்பதும், கல்லைத் திருப்பும் கை பதின்மூன்று வயதுக் கை என்பதும் அப்படம் சொல்லித்தான் நமக்குத் தெரிந்தது. படத்தை எடுத்துக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்தவர் கையில் வாங்கிப் பார்த்து, நன்றாக வரைந்திருக்கிறாள் என்று பாராட்டிவிட்டு, படம் சான்றாகாது என்றார். கொத்தடிமை முறை 1976ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது என்பதையும் அவரே நினைவூட்டினார்.

அவளுடைய தாயாரையும் கண்டு பேசினோம். மார்கழிக் கடைசி. மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். 'ஆயிரம் கல்லுக்கு இவ்வளவுன்னு எண்ணித்தான் ஐயா கூலி. இவ கை இல்லேன்னா எண்ணிக்கை குறையும், முன்பணம் கழியாது. விட்டுட்டுப் போறதுன்னாலும் வயசுப் பொண்ணை யார்கிட்ட விட்டுட்டுப் போறது?' என்றார். முதல் பகுதிக்கு நம்மிடம் விடை இல்லை. இரண்டாம் பகுதிக்கு விடை நம் கழகத்திடம் இருக்கிறது. கழக விடுதியில் ஆண்டு முழுவதும் தங்குபவர்க்கே இடம் என்பது இதுவரை விதி. ஆறு மாதத்துக்கு மட்டும், தை முதல் ஆனி வரை, சூளைக்குச் செல்வோரின் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று ஏழு பெயர்களுடன் ஒரு பட்டியலைச் செயலாளர் அவர்களிடம் கொடுத்திருக்கிறோம். இவ்வாண்டு பொங்கலுக்கு முன் அது கைகூடவில்லை. குழுக் கூட்டம் பங்குனியில் என்று சொல்லியிருக்கிறார். பெற்றோர்களும் இங்கே இருப்பதால் வெளிப்படையாகவே சொல்லிவிட்டோம். செயலாளர் அவர்கள் பொறுத்தருள்வாராக.

அப்பெண் இன்று இங்கே இல்லை. மற்ற பிள்ளைகள் தத்தம் படத்தின் அருகில் நிற்பதைப் பார்க்கிறோம்; அந்தப் படத்தின் அருகில் மட்டும் எவரும் இல்லை. இது மாசி மாதம். சூளையில் வேலை மும்முரமாக நடக்கும் காலம். போகும்போது தன் வண்ணப்பெட்டியை நம்மிடமே கொடுத்துவிட்டுப் போனாள். அங்கே களத்துப் புழுதியில் வீணாகிவிடும் என்றாள். தாளும் பென்சிலும் மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

கண்காட்சி மூன்று நாள் என்று அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறார்கள். மற்றப் படங்களை நான்காம் நாள் கழற்றிக்கொள்ளலாம். அந்த ஒரு படத்தை மட்டும், அவள் ஆடியில் திரும்பி வந்து பார்க்கும்வரை அச்சுவரிலேயே விட்டுவைக்க வேண்டும் என்று கேட்டோம். விடுதிக் காப்பாளர் இசைந்திருக்கிறார். மழைச்சாரல் படாமல் இருக்கச் சன்னலைச் சாத்திவைப்பதாகவும் சொன்னார்.

கண்காட்சியைத் திறந்துவைக்கிறோம்.